மெத்தை சுமந்த பேராசிரியர்

சென்ற கோடை விடுமுறையில் நான் என் தாய்மாமனுக்கு எடுபிடியாக இருந்தேன். வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். ஒருநாள் புதிதாகக் கட்டி முடித்த பெரிய வீடொன்றில் வேலை. கூடத்தில் பளிங்குத் தரை. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. மற்ற சுவர்களில் வழவழப்பான பூச்சு. வாங்கி வைத்திருந்த சாமான்களோ எல்லாம் உயர்ந்த ரகம். படத்தைச் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கறுப்பு கறுப்பாகவும், மனித முகம் மனித நிறத்திலும் வந்துவிட்டன. ஒலிதான் வம்பு செய்தது.

சோபாவில் உட்காருபவரின் காது இருக்கும் உயரத்தில் சிறு மைக் ஒன்றை நிறுத்தி, எல்லோரையும் மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மாமா பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகச் சீறி ஓய்ந்தன. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதன் ஒலியை எவ்வளவு ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்பதைக் கருவி தானே கணக்கிட்டுக்கொண்டது. அப்படியும் படத்தைப் போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மாமா கூடத்தின் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினார். கூடமும் திருப்பித் தட்டியது. அவர் சிரித்துக்கொண்டே அந்த வீட்டம்மாவிடம், அக்கா, வீட்டில் இருக்கிற ஜமக்காளம், மெத்தை, தலையணை எல்லாவற்றையும் கொஞ்ச நேரத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டார்.

நானும் அவருமாகச் சுமந்து வந்து தரையில் விரித்தோம். சுவரோரம் சாய்த்து வைத்தோம். மறுபடி படம் ஓடியது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது! திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். வழியில் மாமாவிடம் இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தொழில் பழகிய இடத்தில் பார்த்தது என்றார். கல்லூரி திறந்ததும் எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒலியியல் நூலொன்றை எடுத்துக் கையில் கொடுத்து, உன் மாமாவுக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மெத்தை சுமந்திருக்கிறார், படித்துப் பார் என்றார்.

அவர்தான் வாலஸ் கிளமென்ட் சபைன். பாடநூலில் அவர் பெயரால் ஒரு வாய்பாடு உண்டு. தேர்வுக்கு முதல்நாள் நாம் உருப்போட்டு, தேர்வுக்கு மறுநாள் மறந்துபோகும் வாய்பாடுகளில் அதுவும் ஒன்று. அதன் பின்னால் ஒரு மனிதர் பல ஆண்டுகள் கண் விழித்த கதை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சபைன் 1868-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரிச்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினெட்டு வயதிலேயே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஹார்வர்டுக்கு வந்தார். அங்கே முதுகலை முடித்து, அங்கேயே இயற்பியல் ஆசிரியராகவும் ஆனார். டாக்டர் பட்டத்துக்கு அவர் முயலவே இல்லை. நல்ல ஆசிரியர், அடக்கமானவர், எதையும் உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் அச்சுக்குக் கொடுக்காதவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின் வடிவமைப்பு. அதில் விரிவுரை மண்டபம் ஒன்று இருந்தது. பார்க்க அழகு, கேட்க முடியாது. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரை வினாடிக்கு மேல் மண்டபத்தில் உலவிக்கொண்டிருந்தது. நிதானமாகப் பேசுகிறவர்கூட அதற்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு அசைகளைச் சொல்லிவிடுவார். முன் சொல்லின் வால் பின் சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்தால் மாணவர்களுக்கு என்ன விளங்கும்? பல்கலைக்கழகத் தலைவர் எலியட் இதற்கொரு வழி காணும்படி கேட்டுக்கொண்டார். பொறுப்பு இருபத்தேழு வயது சபைனிடம் வந்தது.

அந்நாளில் இதற்கு அறிவியல் கிடையாது. மண்டபத்தின் குறுக்கே கம்பிகளைக் கட்டினால் எதிரொலி அடங்கும் என்று நம்பியவர்கள்கூட இருந்தார்கள். சபைன் நம்பிக்கைகளைத் தள்ளிவிட்டு அளக்கத் தொடங்கினார். எதைக் கொண்டு? மின்பெருக்கி வராத காலம் அது. அழுத்தமான காற்றுத் தொட்டியால் ஊதப்படும் ஓர் ஆர்கன் குழல், வினாடிக்கு 512 அதிர்வுகள் கொண்ட அதன் ஒரே சுரம், நேரம் பதியும் கருவி, இவற்றோடு சொந்தக் காது. குழலை நிறுத்திய கணத்திலிருந்து, ஒலி காதுக்கு எட்டாமல் தேய்ந்து மறையும் கணம் வரை எத்தனை வினாடி என்று குறிப்பார்.

பகலில் இது நடக்காது. வண்டிச் சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தம் உதவியாளர்களுடன் சேர்ந்து தூக்கி வருவார். முதலில் சில மெத்தைகளை இருக்கைகளில் பரப்பி அளப்பார். பிறகு இன்னும் சில. இருக்கைகள் நிரம்பியபின் நடைபாதையிலும் மேடையிலும் பின்சுவரிலும் வைப்பார். ஐந்தரை வினாடி படிப்படியாகக் குறைந்து ஒரு வினாடியை ஒட்டி வந்து நின்றது. விடிவதற்குள் மெத்தைகள் அத்தனையும் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கும் அவரே ஆள். இப்படி எத்தனையோ இரவுகள்.

இதில் என் மனத்தை மிகவும் தொட்டது அவர் உடையைப் பற்றிய செய்தி. ஒரு கட்டத்தில் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்தால் குற்றவாளி அவர் உடைதான். தடித்த கோட்டு அணிந்த இரவில் அது கூடுதலாக ஒலியைக் குடித்தது. மெல்லிய உடை அணிந்த இரவில் குறைவாகக் குடித்தது. எந்த இரவில் என்ன உடை என்று குறித்து வைக்கவில்லை. ஆகவே பல வார உழைப்பில் சேர்ந்த ஆயிரக்கணக்கான அளவுகளை அப்படியே ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதன்பின் சோதனைக்கென்றே ஒரே உடையை அணிந்தார். வேறொருவரும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை அது. செய்முறை ஏட்டில் விடைக்கு ஏற்ப அளவுகளை எழுதும் நம்மில் சிலருக்கு (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இது கொஞ்சம் உறுத்தும்.

ஒலி உறிஞ்சுதலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா? ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் முழுமையாக உறிஞ்சுகிறது என்று கொண்டால், மெத்தை எவ்வளவு, சுவர்ப்பூச்சு எவ்வளவு, ஓர் ஆள் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சொல்லிவிடலாம். ஓர் ஆள் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் சன்னலுக்குச் சற்றுக் குறைவு. நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு சன்னல்!

எலியட்டுக்குப் பொறுமை குறைந்து வந்தது. இவ்வளவு அளந்தது போதும், மண்டபத்தைச் சரிசெய்யுங்கள் என்றார். சபைனும் சுவர்களில் கம்பளிப் பட்டை போன்ற பொருளை ஒட்டச் செய்தார். 1898-இல் மண்டபம் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்து வந்தது பெரிய சோதனை. பாஸ்டன் நகரில் புதிய இசையரங்கம் கட்டப்போகிறார்கள். ஹென்றி லீ ஹிக்கின்சன் என்னும் செல்வர் அதன் பின்னால் இருக்கிறார். கட்டடக் கலைஞர் மெக்கிம். அரங்கில் ஒலி எப்படி இருக்கும் என்று கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். கட்டியதைத் திருத்துவது ஒன்று. கட்டாததைக் கணிப்பது வேறு. உடனே ஒப்புக்கொள்ள சபைனுக்குத் துணிவு வரவில்லை. தம் ஏடுகளையே புரட்டிக்கொண்டிருந்தார். 1898 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை, புள்ளிகள் எல்லாம் செவ்வக அதிபரவளையம் ஒன்றில் விழுவதைக் கண்டார். மகிழ்ச்சி தாளாமல் முதலில் தாயிடம்தான் ஓடிச் சொன்னாராம். எதிர்முழக்க நேரத்தை உறிஞ்சும் பரப்பால் பெருக்கினால் வருவது மாறிலி. அந்த மாறிலியோ அறையின் கன அளவைப் பொறுத்தது. மீட்டர் கணக்கில், கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் நேரம் வினாடியில் கிடைக்கும். நாம் உருப்போட்ட வாய்பாடு இதுவே.

பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900 அக்டோபர் 15-இல் திறக்கப்பட்டது. அறிவியல் முறைப்படி ஒலி திட்டமிடப்பட்ட முதல் இசையரங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் அது போற்றப்படுகிறது. ஆயினும் தொடக்கத்தில் விமரிசகர் சிலர் குறை கூறாமல் இல்லை. ஆட்கள் நிறைந்த அரங்கில் எதிர்முழக்கம் 2.3 வினாடி இருக்கும் என்பது அவர் கணிப்பு. பிற்காலத்தவர் அளந்தபோது இரண்டு வினாடிக்கும் குறைவாகவே இருந்தது. நெருங்கி உட்கார்ந்த கூட்டம் அவர் கணக்குப் போட்டதைவிட அதிகமாக ஒலியைக் குடிக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. இந்தப் பிழையால் அவர் பெருமை என் கண்ணில் குறையவில்லை.

அதே 1900-இல் மருத்துவரான ஜேன் கெல்லியை மணந்தார். பின்னர் ஹார்வர்டில் புலத் தலைமை, பல மண்டபங்களுக்கு ஆலோசனை, ஒலியை உறிஞ்சும் ஓடுகள் என்று காலம் ஓடியது. முதல் உலகப்போர் வந்ததும் ஐரோப்பாவுக்கும், பிறகு வாஷிங்டனுக்கும் சென்று விமானப்படைப் பணியில் மூழ்கினார். சிறுநீரக நோய் வாட்டியது. அதைக் கவனிக்க நேரம் ஒதுக்கவில்லை. 1919 ஜனவரி 10-இல் ஐம்பது வயதில் இறந்தார். இல்லினாய் மாநிலத்தில் அவருக்கென்றே கட்டப்பட்ட ஒலி ஆய்வுக்கூடத்தில் பணி செய்ய அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் முதலில் திருத்திய ஃபாக் மண்டபமும் 1973-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

இதைப் படித்து முடித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நம் கல்லூரிப் பேரவைக் கூடம் நம் எல்லோருக்கும் தெரியும். முதலாண்டில், இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் அம்மையார் ஒருவர் அங்கே ஒரு மணி நேரம் பேசினார். கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் சலசலத்தோம். அவர் குரலை உயர்த்தினார். உயர்த்த உயர்த்தக் குழப்பம் கூடிற்று. இறுதியில் தொண்டை கட்டி, பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பேச வராது என்று வகுப்பில் நான் பரிகாசம் செய்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை, அனுமதி பெற்று, நாங்கள் நால்வர் அந்தக் கூடத்துக்குப் போனோம். நீளம் 24 மீட்டர், அகலம் 14, உயரம் 6. பலூனை ஊதி உடைத்து, கைபேசியில் பதிந்து பார்த்தோம். சன்னல்கள் மூடியிருந்தபோது ஒலி அடங்க நான்கு வினாடி ஆயிற்று. வாய்பாட்டில் போட்டால் உறிஞ்சுதல் 81 சதுர மீட்டர். நாற்பது பேர் உட்கார்ந்தாலும் அது 99 ஆகும். நேரம் மூன்று வினாடிக்கு மேல்தான். அன்று சாலை இரைச்சலுக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் மூடியிருந்தோம். முந்நூறு பேர் நிறைந்தாலோ ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்கு வந்துவிடும். அதனால்தான் ஆண்டு விழாவில் கேட்பது மன்றக் கூட்டத்தில் கேட்பதில்லை.

கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிகாசம் செய்ததையும் சொன்னேன். அவர் தாளை இருமுறை படித்தார். பிறகு, முற்றத்துப் பக்கச் சன்னல்களை மட்டும் திறந்து வைத்தால் எத்தனை சதுர மீட்டர் தேறும் என்று கேட்டார். பதினைந்து என்றேன். வருகிற மன்றக் கூட்டத்துக்கு அவற்றைத் திறந்து வைக்கப்போகிறோம். விடுதி நண்பர்கள் ஜமக்காளங்கள் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சுமப்பதற்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்.