களத்தையே பள்ளியாகக் கொண்டவர்

ஆசிரியன் ஒருவன் எத்துணை வயது வரையிற் கற்பிக்கலாம் என்னும் வினா, ஐம்பதைக் கடந்த என்போன்ற ஆசிரியர் உள்ளத்தில் அடிக்கடி எழுவதொன்று. இவ்வினா எழுந்தோறும் என் நினைவுக்கு வருபவர் தமிழ்ப் புலவர் ஒருவரல்லர். அமெரிக்க நாட்டிலே பந்தாட்டம் பயிற்றிய ஒருவர். அமொஸ் அலொன்சோ ஸ்ராக் என்பது அவர் பெயர்.

பண்டிதனுக்கும் பந்தாட்டத்துக்கும் யாது உறவு என்று வாசகர் நகைத்தல் கூடும். அவர் பயிற்றிய ஆட்டத்தை யான் நேரிற் கண்டதுமில்லை. உதைபந்தாட்டம் என நாம் வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறு. அங்கே முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினர் மறித்து வீழ்த்த வீழ்த்த மீண்டும் எழுந்தும் எல்லைக்கோட்டைக் கடத்தல் வேண்டும். இவ்வாட்டம் அந்நாட்டுக் கல்லூரிகளில் வளர்ந்தது. ஆதலின் கல்லூரி அணியொன்றின் தலைமைப் பயிற்றுநர் அங்கே பேராசிரியரினும் பெரும்புகழ் எய்துதலும் உண்டு.

ஸ்ராக் 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆந் தேதி நியூ ஜேர்சி மாநிலத்து வெஸ்ற் ஒறேஞ்சு என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளர், குடும்பமோ பெரிது, வறுமைக்குக் குறைவில்லை. வறுமையினூடே கற்று யேல் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறிவதில் வல்லவரென விளங்கினார். பொருளுக்கு ஆடும் குழுவினர் அழைத்தபோது அவர் இசைந்திலர். சமய போதகராதலே அவர் கருதிய வாழ்வு. 1889இல் நாடு முழுவதிலுமிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற முதலாவது உதைபந்தாட்ட அணியிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

ஆயின், இறைநூற் கல்வியைத் தொடங்கிய பின்னர்த் தமக்கு மேடைப்பேச்சு வாய்க்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். சொல்லால் ஆற்ற இயலாத தொண்டைச் செயலால் ஆற்றத் துணிந்து, ஸ்பிறிங்பீல்ட் நகரிலே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே உடனாசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரே கூடைப்பந்தாட்டத்தை வகுத்தவர். 1892 மார்ச்சில் மக்கள் முன்னிலையில் நடந்த முதற் கூடைப்பந்துப் போட்டியில் மாணாக்கர் ஐந்து புள்ளியும் ஆசிரியர் ஒரு புள்ளியும் பெற்றனர். ஆசிரியர் பெற்ற அவ்வொரு புள்ளி ஸ்ராக் பெற்றது.

அவ்வாண்டிலேயே சிக்காகோப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் தலைவரான வில்லியம் றெயினி ஹார்ப்பர் யேலில் ஸ்ராக்குக்கு ஆசிரியராயிருந்தவர். அவர் தம் மாணாக்கரை அழைத்து உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராக்கி, ஏனைய பேராசிரியரோடு ஒத்த நிலையான பதவியும் நல்கினார். பந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர் ஆசிரியராக மதிக்கப்பெற்றது அந்நாளிற் புதுமை. அந்த மதிப்புக்கு ஏற்பவே ஸ்ராக் நாற்பத்தோர் ஆண்டு அங்கே பணிபுரிந்தார். புகைத்தலும் மதுவும் அவர் அறியாதன. 1894இல் அவரை மணந்த ஸ்ரெல்லா அம்மையார் ஆட்டங்களைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்துக் கணவருக்கு உதவிவந்தார். மறித்து வீழ்த்தப் பழகுதற்குரிய பொம்மை, ஆட்டத்தினிடையே வீரர் வட்டமாகக் கூடி ஆலோசித்தல் ஆகியன இவர் தந்தவை என்பர். பெரும்பல்கலைக்கழகங்களின் கூட்டில் அவர் அணி ஏழுமுறை முதன்மை பெற்றது. ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வி காணாதிருந்த மிச்சிக்கன் அணியை 1905இல் இரண்டுக்குப் பூச்சியம் என வென்றமை அவற்றுள்ளும் புகழ்பெற்றது. 1913இல் பல்கலைக்கழகத்து ஆட்டக்களம் ஸ்ராக் களம் எனப் பெயர் பெற்றது.

பெயர் நிலைத்தது, வெற்றி நிலைக்கவில்லை. 1924க்குப் பின்னர் அவர் அணி முதன்மை பெற்றதில்லை. புதிய தலைவர் றொபேட் ஹச்சின்ஸ் ஆட்டத்தைப் பெரிதென மதியாதவர். ஸ்ராக் எழுபது வயதை எட்டியதும் ஓய்வுபெறும் விதி அவருக்கும் உரித்தாயிற்று. பல்கலைக்கழகத்தார் செய்தது முற்றிலும் தவறென யான் கூறேன். முதுமையிற் பதவியைப் பற்றிக்கொண்டு, தம் பழம்புகழின் நிழலில் மாணாக்கரை வாடவிடும் ஆசிரியரும் உலகில் உளர். ஸ்ராக் அத்தகையவரா என்பதே நாம் ஆராயவேண்டியது.

களத்தை விட்டுப் பிறிதொரு மதிப்பான பதவியில் அமரும்படி அவரை வேண்டினர். அவர் மறுத்தார். 1933இல் கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரிலுள்ள பசுபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரிக்குச் சென்று, புதியவர் போலத் தொடங்கினார். ஐந்தாண்டு கழித்து, 1938இல், அச்சிறு கல்லூரியின் அணியோடு சிக்காகோவுக்கு மீண்டார். தம் பெயர் தாங்கிய களத்திலே, தாம் வளர்த்த பல்கலைக்கழகத்தை முப்பத்திரண்டுக்குப் பூச்சியம் என வென்றார். அவ்வெற்றியில் அவர் நெஞ்சம் மகிழ்ந்ததோ நொந்ததோ, யாரறிவார்? அடுத்த ஆண்டு மிச்சிக்கனிடம் எண்பத்தைந்துக்குப் பூச்சியம் எனத் தோற்ற சிக்காகோ, அவ்வாட்டத்தையே கைவிட்டது. 1943இல், எண்பத்தொரு வயதில், நாட்டின் அவ்வாண்டுத் தலைசிறந்த பயிற்றுநர் என உடன்தொழிலாளர் ஸ்ராக்கைத் தெரிந்தனர்.

1946இல் பசுபிக் கல்லூரியிலும் தலைமைப் பதவி நீங்கிற்று. அப்பொழுது அவருக்கு வயது எண்பத்து நான்கு. அதன்பின் அவர் செய்தது என் உள்ளத்தை ஆழத் தொட்டது. பென்சில்வேனியாவிலுள்ள சஸ்குவெஹானாப் பல்கலைக்கழகத்திலே தம் மைந்தர் பயிற்றிய அணிக்கு 1947 முதல் ஆறு பருவம் துணைநின்றார். பின்னர் ஸ்ரொக்ரனுக்கு மீண்டு, இளநிலைக் கல்லூரியொன்றிலே பந்துதைக்கும் மாணாக்கருக்கு மட்டும் பயிற்சி அளித்தார். 1960இல், தொண்ணூற்றெட்டாம் வயதிலேயே, களத்தை விட்டார். தலைவராயிருந்தவர் துணைவரானார், துணைவர் உதைக்கும் முறையொன்றையே சொல்லிக்கொடுப்பவரானார். படிப்படியாகப் பதவி இறங்கினும் மாணாக்கரை விட்டாரல்லர். அவர் பற்றிக்கொண்டது பதவியை அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

1965 மார்ச் 17ஆந் தேதி, நூற்றிரண்டாம் வயதில், ஸ்ரொக்ரனில் அவர் காலமானார். அவர் ஈட்டிய வெற்றி 314 எனக் கணக்கிடப்பட்டது. 1981இல் போல் பிறையன்ற் அதனைக் கடந்தார். எண்ணிக்கையாலாய புகழ் யாவும் ஒருநாட் கடக்கப்படுவதே.

சிக்காகோவின் அப்பழைய களத்துக்கும் ஒரு கதையுண்டு. ஆட்டம் ஒழிந்தபின், 1942 டிசம்பர் 2ஆந் தேதி, பார்வையாளர் மேடையின் கீழிருந்த கூடமொன்றிலே என்றிக்கோ பேர்மியும் குழுவினரும் அணுப்பிளவுத் தொடர்வினையை முதன்முதலாகக் கட்டுப்படுத்தி நிகழ்த்தினர். 1957இல் மேடைகள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே நிற்பது பெரியதொரு நூல்நிலையம்.

ஆசிரியன் எவ்வயது வரையிற் கற்பிக்கலாம்? கதிரையைச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம், அதில் வழக்கில்லை. ஆயின் கதிரை போனபின்னும், ஒரேயொரு மாணாக்கனுக்கு ஒரேயொரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கத் தாழ்ந்து நிற்க மனமிருக்குமாயின், அவ்வாசிரியனுக்கு ஓய்வில்லை. சொல்லையே பிழைப்பாகக் கொண்ட யான், பேச்சு வாய்க்காத அப்பெரியாரிடம் இதனைக் கற்றுக்கொண்டேன்.