வெறுங்காலோடு மொழி படித்த பேரரசி

மகா கேத்தரின் ரஷ்யப் பேரரசி. ஆனால் அவர் உடலில் ஒரு துளி ரஷ்ய ரத்தமும் இல்லை என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான்.

1729இல் ஸ்டெட்டின் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) ஒரு சிறிய ஜெர்மானியச் சிற்றரசரின் மகளாகப் பிறந்தார். பெயர் சோஃபி. பெருஞ்செல்வம் இல்லாத குடும்பம். அவருக்கு வாசிப்பில் ஆர்வத்தை ஊட்டியவர் வீட்டிலிருந்து கற்பித்த பிரெஞ்சு ஆசிரியை.

14 வயதில், ரஷ்யாவின் பட்டத்து இளவரசர் பீட்டருக்கு மணப்பெண்ணாக அழைப்பு வந்தது. மதம் மாறாதே என்று தந்தை எழுதிக் கொடுத்தே அனுப்பினார். சோஃபியோ அங்கே நிலைக்க வேண்டுமானால் அந்த நாட்டின் மொழியும் மதமும் வேண்டும் என்று கணக்குப் போட்டார். இரவில் எழுந்து, குளிரில் வெறுங்காலோடு நடந்தபடி ரஷ்யப் பாடங்களை மனனம் செய்தார். கடும் காய்ச்சலில் விழுந்து உயிர் பிழைத்ததே பெரிது. 1744இல் மதம் மாறி, கேத்தரின் ஆனார். தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் கண்விழிக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சற்று உறுத்தும் செய்தி இது.

திருமணம் கசந்தது. தனிமையில் மொன்தெஸ்கியூ, வால்டேர் என்று படித்துத் தள்ளினார். 1762இல் படைவீரர்களின் துணையோடு கணவரை அகற்றி அரியணை ஏறினார். சில நாள்களில் பீட்டர் காவலில் இறந்தார். அந்தக் கறை கடைசிவரை அவரை விடவில்லை.

1764இல் பெண் கல்விக்காக ஸ்மோல்னி கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது 1768. பெரியம்மை ஆளைக் கொன்ற காலம். தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோய் கண்டவரின் கொப்புளத்து நீரைத் தோலில் கீறி ஏற்றுவார்கள். அதிலும் சிலர் இறப்பதுண்டு. இங்கிலாந்திலிருந்து டாக்டர் டிம்ஸ்டேலை வரவழைத்து, முதலில் தமக்கே ஏற்றிக்கொண்டார் பேரரசி. ஏதேனும் ஆகிவிட்டால் மருத்துவர் தப்பியோட வழியெங்கும் குதிரைகளைத் தயாராக நிறுத்தியிருந்தாராம்! அவர் பிழைத்தார். அதன்பின் மகனுக்கும் ஏற்றினார்கள். பிரபுக்கள் வரிசையில் நின்றார்கள்.

இவ்வளவு துணிச்சல்காரர் பண்ணையடிமைகள் விஷயத்தில் என்ன செய்தார்? இங்குதான் எனக்கு ஏமாற்றம். 1767இல் புதிய சட்டம் இயற்ற 500க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளைக் கூட்டினார். சித்திரவதை கூடாது என்று அவர்களுக்கான வழிகாட்டியில் தாமே எழுதினார். அந்த அவையில் பண்ணையடிமைகளுக்கு இடமில்லை. அதே ஆண்டில், நில உடைமையாளர் மீது அவர்கள் அரசியிடம் முறையிடுவதையும் தடை செய்தார். பிரபுக்களின் ஆதரவில் நின்ற அரியணை அது. அவர்களைப் பகைக்க அவருக்கு அச்சம். 1773இல் புகச்சோவ் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கியபின் பிரபுக்களின் பிடியை இன்னும் இறுக்கினார்.

1786இல் நகரங்களில் ஆண், பெண் இருபாலருக்கும் இலவசப் பள்ளிகள் அமைக்கச் சட்டம் போட்டார். கிராமங்களுக்கு அது எட்டவில்லை. 1796இல் இறந்தார். பண்ணையடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது 1861இல், அவருடைய கொள்ளுப்பேரன் இரண்டாம் அலெக்சாண்டர் காலத்தில்.