ஜோன் எர்ட்லி

ஜோன் எர்ட்லி (மே 18, 1921 – ஆகஸ்ட் 16, 1963) ஸ்காட்லாந்தின் நவீன ஓவியர்களுள் முக்கியமான ஒருவர். கிளாஸ்கோ நகரத் தெருக் குழந்தைகளையும் கேட்டர்லைன் என்னும் சிற்றூரின் கடலையும் வரைந்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள வார்னம் என்னும் ஊரில் பிறந்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்ட இவரது தந்தை, இவரது சிறு வயதிலேயே தற்கொலை செய்துகொண்டார். பின்னர் குடும்பம் கிளாஸ்கோ அருகே குடியேறியது. 1940 இல் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் தச்சுவேலை பழகினார். உதவித்தொகை பெற்று 1948-49 இல் இத்தாலி சென்று வந்தார்.

ஓவியங்கள்

கிளாஸ்கோவின் டவுன்ஹெட் பகுதியில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பழைய குடியிருப்புகளுக்கு நடுவே எர்ட்லி பணிக்கூடம் அமைத்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கு தடையின்றி வந்து போயினர். கிழிந்த உடையும் மாறுகண்ணுமாக, இருந்தது இருந்தபடியே அவர்களை வரைந்தார். இரக்கத்தைத் தூண்டும் நோக்கம் இவற்றில் இல்லை என்பதே இவற்றின் சிறப்பு எனலாம். டவுன்ஹெட்டின் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டதால், இவை அப்பகுதியின் வரலாற்றுப் பதிவாகவும் ஆகிவிட்டன.

1955 இல் இவர் காட்சிக்கு வைத்த உறங்கும் ஆணின் நிர்வாண ஓவியம் பத்திரிகைகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பெண்ணொருத்தி ஆணை அவ்வாறு வரைந்ததே அதற்குக் காரணம். ஆண் ஓவியர்கள் பெண்களை அவ்வாறு வரைவது அன்று செய்தியாகாது.

1950களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கேட்டர்லைனுக்குச் செல்லத் தொடங்கினார். புயல் வீசும்போது வீட்டினுள் இராமல் கடற்கரையில் நின்றே வரைந்தார். காற்று தூக்கிச் செல்லாதவாறு பெரிய பலகைகளைக் கட்டி நிறுத்திக்கொள்வார். வயல்வெளி ஓவியங்கள் சிலவற்றில் உண்மையான புற்களும் விதைகளும் வண்ணத்தோடு ஒட்டியிருப்பதைக் காணலாம். 1961 இல் வரைந்த 'அலை' இவரது புகழ்பெற்ற கடலோவியங்களுள் ஒன்று.

மறைவும் புகழும்

1963 இல் அரச ஸ்காட்லாந்து கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். அதே ஆண்டு லண்டனிலும் தனிக் கண்காட்சி நடைபெற்றது. சில மாதங்களிலேயே மார்பகப் புற்றுநோயால் தமது 42 ஆவது வயதில் காலமானார். அஸ்தி கேட்டர்லைன் கடற்கரையில் தூவப்பட்டது. 'இரு குழந்தைகள்' என்னும் ஓவியம் முற்றுப்பெறாமல் நின்றது.

ஸ்காட்லாந்துக்கு வெளியே நெடுங்காலம் இவர் அதிகம் அறியப்படவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்கள் 2007 இலும் 2016 இலும் எடின்பரோவில் நடத்திய பெரிய கண்காட்சிகள் இவரைப் புதிய தலைமுறையினருக்கு அறிமுகப்படுத்தின. 2021 இல் இவரது நூற்றாண்டையொட்டி ஸ்காட்லாந்தின் பல இடங்களில் கண்காட்சிகள் நடைபெற்றன.