டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்: உலகத்துக்கே குழந்தை வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர் எங்கே தவறினார்?

கைக்குழந்தை நடு ராத்திரியில் அழுகிறது. உடனே தூக்கலாமா, தூக்கினால் கைச்சூடு பழகிவிடுமா? பால் கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாமா, மணி பார்த்துத்தான் கொடுக்கணுமா? ரெண்டு வயசுக் குழந்தை சோற்றைத் துப்பினால் வற்புறுத்தி ஊட்டலாமா?

இன்று இதையெல்லாம் போனில் தேடிப் பார்க்கிறோம். 1946-க்குப் பிறகு சுமார் 50 ஆண்டுகள், அமெரிக்கப் பெற்றோர் பலரும் இதற்காகக் கையில் எடுத்தது ஒரு புத்தகத்தை. எழுதியவர் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக். சுமார் 40 மொழிகளில், கிட்டத்தட்ட 5 கோடி பிரதிகள் விற்ற புத்தகம் அது.

இன்று குழந்தை மருத்துவர்கள் சாதாரணமாகச் சொல்லும் பல விஷயங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஸ்பாக். அதே புத்தகத்தில் ஒரு பத்தி மிகவும் ஆபத்தானதாகவும் இருந்தது. இரண்டையும் தெரிந்துகொள்வது இன்றைய பெற்றோருக்கு உதவும்.

யார் இந்த ஸ்பாக்?

1903 மே 2-ம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வே நிறுவனத்தின் வழக்கறிஞர். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது, பால் புட்டி கொடுப்பது எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கமாகிவிட்டது.

அம்மா ரொம்பக் கண்டிப்பானவர். சுத்தமான காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பியதால், பனிக்காலத்திலும் பிள்ளைகளைத் திறந்த தாழ்வாரத்தில் படுக்க வைத்தார். அந்த வீட்டில் பாசம் இருந்தது, ஆனால் பயமும் இருந்தது. பிற்காலத்தில் ஸ்பாக் எழுதியதற்கெல்லாம் இந்த வளர்ப்பு ஒரு காரணம்.

யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது துடுப்புப் படகு வீரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1927-ல் ஜேன் செனியைத் திருமணம் செய்தார். 1929-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வகுப்பிலேயே முதலாவதாக மருத்துவப் படிப்பை முடித்தார். 1933-ல் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான கிளினிக் தொடங்கினார்.

அந்தக் காலத்து மற்ற குழந்தை மருத்துவர்களிடமிருந்து இவர் ஒரு விஷயத்தில் வேறுபட்டார். மனநல மருத்துவத்திலும், பிராய்டு வழி உளப்பகுப்பாய்விலும் தனியாகப் பயிற்சி எடுத்தார். காய்ச்சலும் எடையும் பார்ப்பதோடு நிற்காமல், குழந்தை ஏன் அடம்பிடிக்கிறது, அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் கவனிக்க ஆரம்பித்தார்.

அதற்கு முன் எப்படி வளர்த்தார்கள்?

ஸ்பாக்கின் புத்தகம் ஏன் அப்படிப் பரவியது என்று புரிய, அதற்கு முன்பிருந்த அறிவுரைகளைப் பார்க்க வேண்டும்.

1894-ல் டாக்டர் எம்மெட் ஹோல்ட் எழுதிய கையேடுதான் நீண்ட காலம் அமெரிக்கத் தாய்மார்களுக்கு வழிகாட்டி. ஸ்பாக்கின் அம்மாவும் அதைத்தான் பின்பற்றினார். பால் கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாமே கடிகாரப்படி. நேரம் வரும்வரை குழந்தை பசியில் அழுதாலும் காத்திருக்க வேண்டும்.

1928-ல் உளவியல் அறிஞர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதே, மடியில் வைக்காதே, காலையில் கை குலுக்கினால் போதும் என்று புத்தகமே எழுதினார். பிறந்து சில மாதங்களிலேயே கக்கா போகப் பழக்கச் சொன்னார்கள். விரல் சூப்பும் குழந்தையின் கையைக் கட்டி வைப்பதும், விரலில் கசப்பு தடவுவதும் சாதாரணமாக நடந்தன.

குழந்தை அழுகிறது, அம்மாவுக்குத் தூக்கணும் போல இருக்கிறது, புத்தகம் தூக்காதே என்கிறது. இந்த இழுபறியில் குற்ற உணர்வோடு தவித்த தாய்மார்கள்தான் ஸ்பாக்கின் கிளினிக்குக்கு வந்தார்கள்.

25 சென்ட் புத்தகம்

பாக்கெட் புக்ஸ் என்ற மலிவு விலைப் பதிப்பகம் ஸ்பாக்கை அணுகியது. 25 சென்ட்டுக்கு விற்கப்போவதால் புத்தகம் ரொம்ப நன்றாக இருக்கணும்னு அவசியமில்லை, எப்படியும் விற்றுவிடும் என்று பதிப்பாசிரியர் வேடிக்கையாகச் சொன்னாராம். ஸ்பாக்குக்கு அது பிடித்துப்போனது.

பகலில் கிளினிக், ராத்திரியில் புத்தகம். ஸ்பாக் சொல்லச் சொல்ல, ஜேன் டைப் அடித்தார். அதோடு நிற்கவில்லை. புரியாத இடங்களைச் சுட்டிக்காட்டினார், தகவல்களைச் சரிபார்த்தார். புத்தகம் முடியும் நேரத்தில் ஸ்பாக் கடற்படையில் மனநல மருத்துவராகப் பணியில் இருந்தார். தன் உழைப்புக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பதை ஜேன் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகவே சொன்னார்.

1946 ஜூலையில் 'தி காமன் சென்ஸ் புக் ஆஃப் பேபி அண்ட் சைல்ட் கேர்' வெளியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய சமயம் அது. 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் சுமார் 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. வேலைக்காக ஊர் மாறிய இளம் தம்பதிகளுக்குப் பக்கத்தில் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. அந்த இடத்தை இந்தப் புத்தகம் நிரப்பியது. முதல் 6 மாதங்களிலேயே 5 லட்சம் பிரதிகள் விற்றன.

அப்படி என்னதான் சொன்னார்?

முதல் பக்கத்திலேயே பெற்றோரின் பயத்தைத்தான் தொட்டார். உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உங்களுக்குத் தெரியும், உங்களை நம்புங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதன் பிறகு வந்ததெல்லாம் அன்றாட விஷயங்கள்:

பால்: குழந்தைக்குப் பசிக்கும்போது கொடுங்கள். 10 நிமிஷம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது.

அழுகை: அழும் குழந்தையைத் தூக்குவதால், கொஞ்சுவதால் அது கெட்டுப்போகாது.

கக்கா பழக்கம்: அவசரப்படுத்தாதீர்கள். குழந்தை தயாராகிவிட்டதற்கான அறிகுறி தெரியட்டும்.

விரல் சூப்புதல்: கையைக் கட்டுவதும் திட்டுவதும் குழந்தையின் பதற்றத்தைத்தான் கூட்டும்.

அப்பா: குழந்தையைக் கவனிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு, அவ்வப்போது டயப்பரும் மாற்றலாம். இன்று கேட்டால் சிரிப்பு வரும். 1946-ல் இதுவே புதுசு.

சாப்பாடு விஷயத்தில் அவர் சுட்டிக்காட்டிய ஆய்வு சுவாரஸ்யமானது. 1920-களின் பிற்பகுதியில் டாக்டர் கிளாரா டேவிஸ், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவு வகைகளிலிருந்து தட்டுகளை வைத்துப் பார்த்தார். யாரும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் ஒரே பண்டத்தை வாரித் தின்ற குழந்தை, இன்னொரு நாள் அதைத் தொடவே இல்லை. ஆனால் பல நாட்களைச் சேர்த்துப் பார்த்தபோது, குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டில் இருந்தவை எல்லாமே பழம், காய், தானியம், முட்டை, இறைச்சி, பால் போன்ற இயல்பான உணவுகள். பிஸ்கட்டும் மிட்டாயும் பட்டியலிலேயே கிடையாது. எதை வைப்பது என்பது பெரியவர் வேலை, அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் விருப்பம். ரெண்டு வயசுக் குழந்தையோடு சாப்பாட்டுச் சண்டை போடும் வீடுகளுக்கு இது இன்றும் பொருந்தும்.

செல்லம் கொடுத்துக் கெடுத்தாரா?

புகழோடு குற்றச்சாட்டும் வந்தது. குழந்தை கேட்டதெல்லாம் கொடுக்கச் சொல்லி ஒரு தலைமுறையையே கெடுத்துவிட்டார் என்றார்கள். உண்மையில் அவர் அப்படி எழுதவில்லை. சில பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்வதைப் பார்த்து, 1957 திருத்தப் பதிப்பில் குழந்தைக்கு உறுதியான எல்லைகளும் தேவை என்பதை அழுத்தமாகச் சேர்த்தார்.

1960-களில் அவர் அரசியலுக்குள் வந்ததும் குற்றச்சாட்டு பலமானது. அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத் துகள்கள் புல்லில் படிந்து, மாட்டின் பால் வழியாகக் குழந்தைகளின் உடலுக்குள் போகின்றன என்பது அப்போது பெரிய கவலை. குழந்தை மருத்துவராக இதில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று களமிறங்கினார். பிறகு வியட்நாம் போரை எதிர்த்தார். கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்க்க இளைஞர்களுக்கு உதவியதாக வழக்குப் போட்டார்கள். 1968-ல் 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1969-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

தெருவில் இறங்கிப் போராடும் இளைஞர்கள் எல்லாம் ஸ்பாக் வளர்த்த பிள்ளைகள் என்று துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ உட்படப் பலர் சாடினார்கள். மறுபக்கம் பெண்ணிய இயக்கத்தினரும் விமர்சித்தார்கள். குழந்தை என்றாலே ஆண்பிள்ளை, வளர்ப்பது என்றாலே அம்மா என்று புத்தகம் எழுதப்பட்டிருந்தது அவர்கள் புகார். இதை ஸ்பாக் ஏற்றுக்கொண்டார். 1976 பதிப்பில் மொழியையும் மாற்றினார், பெற்றோர் இருவருக்கும் சம பொறுப்பு என்றும் எழுதினார்.

இவ்வளவு சத்தமும் செல்லத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும்தான். உண்மையான தவறு வேறு ஒரு பத்தியில் இருந்தது.

தூக்கம் பற்றிய அந்த அறிவுரை

1950-களின் பதிப்பிலிருந்து, கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குவது நல்லது என்று ஸ்பாக் எழுதிவந்தார். காரணங்கள் கேட்க நியாயமாகவே இருந்தன. மல்லாக்கப் படுத்தால், எதுக்களிக்கும் பால் தொண்டையில் அடைத்துவிடலாம். தலை ஒரு பக்கம் தட்டையாகிவிடலாம். அன்று இதைச் சொன்னது அவர் மட்டும் அல்ல, பல மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் அவர் புத்தகம்தான் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது.

உண்மை நேர்மாறாக இருந்தது. குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. எதுக்களிக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேலே ஏற வேண்டும். அது எளிதில் நடக்காது. குப்புறப் படுத்தால், மூக்கும் வாயும் மெத்தையில் புதைந்து, தான் வெளியே விட்ட காற்றையே குழந்தை திரும்பச் சுவாசிக்க நேரிடலாம். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் திடீர் சிசு மரணத்துக்கும் குப்புறப் படுப்பதற்கும் வலுவான தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 1992-ல் நிலைப்பாட்டை மாற்றியது. 1994-ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் திடீர் சிசு மரணங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, கருவி இல்லை. படுக்க வைக்கும் பக்கத்தை மாற்றியது மட்டும்தான்.

வேதனை என்னவென்றால், இந்த ஆபத்து முன்பே தெரிந்திருக்கலாம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு பழைய தரவுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தது. 1970-லேயே போதுமான ஆதாரம் இருந்தது, அப்போதே அறிவுரையை மாற்றியிருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அது கணக்கிட்டது.

வீட்டில் எப்படிப்பட்ட அப்பா?

குழந்தையைக் கொஞ்சுங்கள் என்று எழுதியவர், தன் இரண்டு மகன்களிடம் அப்படி நெருக்கமாக இருக்கவில்லை. அணைத்து முத்தமிடும் அப்பாவாக அவர் இருந்ததில்லை என்று மகன்கள் பின்னாளில் சொன்னார்கள். தன் அம்மாவின் கண்டிப்பு தனக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருந்ததை ஸ்பாக்கும் மறுக்கவில்லை. சரி என்று அறிவுக்குத் தெரிவதும், அது கைக்குப் பழகுவதும் வேறு வேறு என்பது பெற்றோர் பலருக்குப் புரியும்.

ஜேனுடனான திருமணம் 1976-ல் முறிந்தது. அதே ஆண்டு மேரி மார்கனை மணந்தார். 1998 மார்ச் 15 அன்று, 94-வது வயதில், கலிபோர்னியாவில் காலமானார். சில வாரங்களில் ஏழாம் பதிப்பு வந்தது. கைக்குழந்தை மல்லாக்கத்தான் தூங்க வேண்டும் என்று அதில் இருந்தது.

இன்று எதை எடுத்துக்கொள்ளலாம்?

பசிக்கும்போது பால், அழும்போது அணைப்பு, கக்கா பழக்கத்தில் பொறுமை, சாப்பாட்டில் வற்புறுத்தாமை. ஸ்பாக் சொன்ன இவை இன்றும் நிற்கின்றன.

தூக்கத்துக்கு இன்றைய பரிந்துரையைப் பின்பற்றுங்கள். ஒரு வயது வரை, பகலோ இரவோ, மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும். படுக்கை தட்டையாக, அழுத்தமாக இருக்கட்டும். தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தலை தட்டையாகுமோ என்ற கவலை இருந்தால், குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். கழுத்துக்கும் தோளுக்கும் அது நல்ல பயிற்சி.

அறிவுரைகளில் இரண்டு வகை உண்டு. எப்போது கொஞ்சுவது, எப்படிச் சமாதானம் செய்வது என்பதில் உங்கள் குழந்தையை உங்களைவிட அறிந்தவர் இல்லை. அங்கே ஸ்பாக் சொன்னபடி உங்களை நம்பலாம். படுக்கும் நிலை, தடுப்பூசி, மருந்தின் அளவு போன்றவை அப்படி இல்லை. அங்கே உள்ளுணர்வும் போதாது, பெரிய பெயரும் போதாது. பாட்டி சொன்னாலும், புத்தகம் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும், அந்த அறிவுரை எந்த வருஷத்தது, இன்றும் அது சரிதானா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.