பெயர் மறைந்த புனைவாளர் : வால்டர் ஹண்ட் (1796 – 1859)

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்த சான்றோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை. பாட்டு மட்டுமே கைக்கு வந்தது. அந்நிலையில் பாட்டினுள் ஒளிவிட்ட தொடர் ஒன்றையே பாடியவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவை என்பதை நம் வட்டத்தார் நன்கறிவர். படைத்தவர் பெயர் மறைந்தது; படைப்பே அவர்க்குப் பெயர் ஈந்து காத்தது.

இப்பேறு கவிதையுலகில் வாய்த்தது போல் கைத்தொழில் உலகில் வாய்ப்பதில்லை. முந்தானை மடிப்பு நழுவாமல் குத்தவும், அவசரத்திற்கு உதவுமெனத் தாலிச் சரட்டிலும் வளையலிலும் மாட்டிவைக்கவும் நம் பெண்கள் பயன்படுத்தும் ஊக்கினை எண்ணிப் பார்க்கலாம். குழந்தையின் துணி முதல் அறுந்த செருப்பு வரை அது தாங்காத பொருள் இல்லை. ஆயினும் அதனை ஆக்கியவர் யார் எனக் கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அவர் பெயர் வால்டர் ஹண்ட். ஊக்கினைக் காட்டிலும் உலகை மாற்றிய வேறொரு பொறியையும் அவர் ஆக்கினார். ஆக்கியபின் அதனைக் கைவிட்டார். படைத்தலுக்கும் படைப்பை உரிமை கொள்ளுதலுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் வாழ்வு போல் காட்டும் வாழ்வு வேறொன்று இல்லை எனலாம். கவிஞர் கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு பொறிவினைஞரின் வரலாறு இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

பிறப்பும் தொழிலும்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியில் லூயிஸ் மாவட்டம் என ஒன்று உண்டு. அங்குள்ள மார்ட்டின்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1796ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஹண்ட் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது கொத்து வேலை. அப்பகுதியில் ஆளிச்செடியின் நாரை நூலாக்கும் ஆலைகள் இருந்தன. செலவு பெருகியதால் ஆலையுடையோர் கூலியைக் குறைக்க எண்ணியபோது, கூலியைக் குறைப்பதைவிடப் பொறியைத் திருத்துவதே தக்கது என ஹண்ட் வலியுறுத்தினார் என்பர். ஆளிநாரையும் சணலையும் நூற்கும் திருந்திய பொறி ஒன்றிற்கு 1826இல் அவர் காப்புரிமை பெற்றார். உழைப்பவர் கூலி பற்றிய இவ்வெண்ணம் அவர் வாழ்வில் பின்னர் ஒருமுறை மீண்டும் தலைகாட்டப் போகிறது.

பின்னர் அவர் மனைவி மக்களுடன் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். நெரிசல் மிக்க அந்நகரத் தெருவில் குதிரை வண்டி மோதிச் சிறு குழந்தை ஒன்று அடிபட்டதைக் கண்டதே அவருடைய அடுத்த ஆக்கத்திற்குத் தூண்டுகோல் என்று கூறுவர். வண்டி ஓட்டுபவரின் இரு கைகளும் கடிவாளத்தைப் பற்றியிருக்கும். ஊதுகொம்பை எடுக்க வேண்டுமாயின் கடிவாளத்தை விட நேரும். ஆகவே காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் சேகண்டி ஒன்றை அமைத்து 1827இல் காப்புரிமை பெற்றார். கத்தி தீட்டும் கருவி, அறையை வெதுப்பும் கோள வடிவ அடுப்பு, ஆணி செய்யும் பொறி, பனிக்கட்டியைப் பிளந்து செல்லும் படகு, மைக்கூடு, மையூற்றுப் பேனா, வித்தைக்காரர் தலைகீழாய்க் கூரையில் நடக்க உதவும் காலணி என அவர் கை தொட்டவை பல.

ஹண்டிடம் தொழிற்சாலையோ முதலீடோ இல்லை. கண்ணில் பட்ட இடர் ஒவ்வொன்றிற்கும் கைவழி கண்டு, அதற்குரிய உரிமையை வந்த விலைக்கு விற்று, அப்பணத்தில் குடும்பத்தையும் அடுத்த முயற்சியையும் நடத்துவதே அவர் வழக்கம். வாங்கியவர் பலர் வளம் பெற்றனர். விற்றவர் மட்டும் கடனாளியாகவே இருந்தார்.

தையற்பொறி

1833, 1834ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் ஏமஸ் தெருவிலிருந்த தம் பட்டறையில் ஹண்ட் ஒரு தையற்பொறியை உருவாக்கினார். அவருக்கு முன்னும் சிலர் முயன்றதுண்டு. அவர்களுட் பலர் மனிதக் கையின் அசைவைப் பொறியால் போலச் செய்ய முற்பட்டுத் தோற்றனர். ஹண்டின் சிறப்பு, கையை மறந்ததில் உள்ளது. கையூசியின் காது அடியில் இருக்கும்; அவர் அதனை முனைக்குக் கொண்டுவந்தார். காதில் நூல் கோத்த வளைந்த ஊசி துணியைத் துளைத்து மறுபுறம் சென்று மீளும்போது நூல் ஒரு கண்ணியாய் நிற்கும். அக்கண்ணியின் ஊடே, தறியின் நாடாவைப் போன்ற சிறு நாடா ஒன்று இரண்டாம் நூலை இழுத்துச் செல்லும். இரு நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இன்றும் நம் வீட்டுத் தையற்பொறியில் மேல்நூலும் கீழ்நூலும் சேர்ந்து தைப்பது இம்முறையே. ஹண்டின் பொறியில் குறைகளும் இருந்தன. துணியைச் சீராக நகர்த்தும் அமைப்புச் செம்மையாக இல்லை. சில அங்குல நீளமுள்ள நேர்த்தையல் மட்டுமே ஒரு முறையில் இயன்றது. ஆயினும் தையற்பொறியின் உயிர்நிலையை அவர் கண்டுவிட்டார்.

அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ஜார்ஜ் ஆரோஸ்மித் என்னும் கொல்லருக்கு 1834இல் தம் உரிமையை விற்றார். ஆரோஸ்மித்தின் வேண்டுகோளால் ஹண்டின் உடன்பிறந்தார் அடோனிராம் மற்றொரு பொறியைச் செய்து இயக்கிக் காட்டினார். அவ்வளவில் முயற்சி நின்றது.

ஏன் நின்றது என்னும் வினாவிற்கு, ஹண்டைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. அவருக்குக் கரோலின் என ஒரு மகள். அப்பொறியைக் கொண்டு கச்சு தைக்கும் தொழிலைத் தொடங்குமாறு தந்தை அவரிடம் கூறினார். அப்போது அவர் பதின்பருவப் பெண். அவர் அத்தொழிலறிந்த மூத்த பெண்டிரைக் கலந்தார். இப்பொறி வந்தால் கையால் தைத்துப் பிழைப்போர் வாழ்வு கெடும் எனக் கருதி மறுத்துவிட்டார். இச்செய்தி கற்பனையன்று, பின்னாளில் வழக்கு நடந்தபோது கரோலினே சான்றுரைத்தது. அவர் அச்சமும் வெற்றச்சமன்று. 1831இல் பாரிசு நகரில் தீமோனியே என்பார் நிறுவிய தையற்பொறிக் கூடத்தைப் பிழைப்பிழந்து விடுவோம் என அஞ்சிய தையற்காரர் திரண்டு வந்து நொறுக்கியிருந்தனர்.

எனினும் மகள் சொல் கேட்டுத் தந்தை துறந்தார் என்று மட்டும் எழுதி முடிப்பது முழு உண்மை ஆகாது. உரிமையை வாங்கிய ஆரோஸ்மித்துக்கு வேறு தொழில்கள் இருந்தன. காப்புரிமை பெறவும் பொறியைப் பெருக்கவும் பணம் வேண்டியிருந்தது. புதிய பொறியைச் சந்தையில் ஏற்கச் செய்வது எளிதன்று என்றும் அவர் கருதினார். இரக்கம், வறுமை, தயக்கம், வேறு வேலை ஆகிய நான்கும் சேர்ந்தே அப்பொறியைப் பரணில் ஏற்றின. இரக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அவரை அருளாளராக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவ்விரக்கத்தை இல்லையென்பதும் அவ்வாறே பொருந்தாது.

ஊக்கு

1849ஆம் ஆண்டளவில் ஹண்ட் ஒருவருக்குப் பதினைந்து டாலர் கடன்பட்டிருந்தார். கடன் கொடுத்தவர், காப்புரிமைக்குரிய வரைபடங்களை அவருக்கு வரைந்து தந்தவர். கடனைத் தீர்க்க வழி தேடிச் சிறு கம்பித் துண்டு ஒன்றை விரலிடையே முறுக்கிக்கொண்டிருந்த ஹண்ட், சில மணி நேரத்தில் ஊக்கினை உருவாக்கினார் என்றும், நானூறு டாலருக்கு அதன் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்றும் கூறப்படுகிறது. 1849 ஏப்ரல் 10ஆம் நாள் 6,281ஆம் எண்ணுள்ள காப்புரிமை அவருடைய ஊக்கிற்கு வழங்கப்பட்டது.

ஆடையைக் குத்தி நிறுத்தும் வளைந்த ஊசிகள் கிரேக்க நாட்டிலும் இத்தாலியிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவை. ஹண்ட் சேர்த்த புதுமை, ஒரே கம்பியை ஒரு முனையில் சுருளாக வளைத்து வில்விசை பெறச் செய்தது. மறுமுனையில் கூர் அடங்கும் காப்பை அமைத்தது. சுருளின் விசை ஊசியை வெளியே தள்ள, காப்பு அதனைப் பிடித்து நிறுத்துகிறது. திறக்க முயலும் விசையே மூடியிருக்கவும் உதவுகிறது. முரணில் பிறந்த இவ்வமைதியைக் கண்டு மகிழக் கவிஞர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இதே காலத்தில் அவர் ஆக்கிய மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. வெடிமருந்தைத் தன் அடியிலேயே கொண்ட துப்பாக்கிக் குண்டிற்கு 1848இலும், அதனை அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிக்கு 1849இலும் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வழி வளர்ந்ததே பின்னாளில் வின்செஸ்டர் எனப் புகழ்பெற்ற துப்பாக்கி. தையற்பெண்டிர் பொருட்டுத் தயங்கிய குடும்பத்தின் பட்டறையிலிருந்தே இதுவும் வெளிவந்தது. மனித மனம் ஒரே நூலால் தைக்கப்பட்டதன்று.

வழக்கும் தீர்ப்பும்

தையற்பொறி பரணில் கிடந்த காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எலியாஸ் ஹோவ் என்பார், ஹண்டின் பொறியை அறியாமலே, அதே அடிப்படையில் ஒரு பொறியை ஆக்கி 1846 செப்டம்பரில் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் பொறியுடன் சந்தையில் நுழைந்தார். ஹோவ் அவர்மீது வழக்குத் தொடுத்தார். ஹோவுக்கு முன்னரே இதனைக் கண்டவர் ஒருவர் உண்டு என நிறுவினால் வழக்கு வீழும் என்பதால் சிங்கர் தரப்பினர் ஹண்டைத் தேடி வந்தனர். கோல்டு தெருவின் மச்சு ஒன்றிலிருந்து பழைய பொறியின் துருவேறிய பகுதிகள் எடுக்கப்பட்டன. ஹண்ட் அவற்றைக் கொண்டு பொறியை மீட்டமைத்து, 1853இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1854 மே மாதத்தில் காப்புரிமை ஆணையர் சார்லஸ் மேசன் முடிவுரைத்தார். முதலில் கண்டவர் ஹண்டே என அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஏறத்தாழ இருபதாண்டு உரிமை கோராதிருந்தமையால் ஹண்ட் தம் ஆக்கத்தைக் கைவிட்டார் எனக் கொள்ள வேண்டும் என்றார். முதன்மை ஹண்டுக்கு வழங்கப்பட்டது. உரிமை ஹோவிடமே நின்றது. ஹோவ் பெருஞ்செல்வர் ஆனார்.

ஹண்ட் ஓயவில்லை. அதே 1854இல் தாளால் ஆன சட்டைக் கழுத்துப்பட்டிக்குக் காப்புரிமை பெற்றார். தையற்பொறி குறித்த அவர் கோரிக்கைகளைத் தீர்க்க 1858இல் சிங்கர் ஐம்பதாயிரம் டாலரைத் தவணைகளில் தர இசைந்தார். அத்தொகை வந்து அவர் வாழ்வை மாற்றும் முன்னரே, 1859 சூன் 8ஆம் நாள், நியூயார்க் பட்டறையில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார். அகவை அறுபத்திரண்டு. புரூக்லினிலுள்ள கிரீன்வுட் இடுகாட்டில் அவர் உடல் துயில்கின்றது. 2006இல் அமெரிக்கப் புத்தாக்குநர் மன்றம் அவர் பெயரைத் தன் பெருமக்கள் வரிசையில் சேர்த்தது.

துறவா, கைவிடலா?

ஹண்டின் தயக்கத்தால் தையற்பெண்டிர் காக்கப்பட்டனரா என்பதே இவ்வாழ்வு எழுப்பும் இறுதி வினா. பொறி பரணில் உறங்கிய 1843ஆம் ஆண்டில்தான் இலண்டனில் தாமஸ் ஹூட் என்னும் கவிஞர் சட்டையின் பாட்டு என்னும் கவிதையை வெளியிட்டு, பசியோடும் கந்தலோடும் ஊசி பிடித்த பெண்ணின் அவலத்தை நாடறியச் செய்தார். கைத்தையல் அவர்களை வாழவைத்துக்கொண்டிருந்தது என்பதைவிட, மெல்லக் கொன்றுகொண்டிருந்தது என்பதே உண்மைக்கு நெருக்கம். பொறி பரவியபின், 1860களின் தொடக்கத்தில் ஒரு தையற்பொறி நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, கையால் 14 மணி 26 நிமிடம் பிடித்த ஆடவர் சட்டை, பொறியால் 1 மணி 16 நிமிடத்தில் முடிந்தது. மிச்சமான நேரம் தைத்தவருக்கு ஓய்வாக வரவில்லை. மேலும் பல சட்டைகளாகவே வந்தது. கரோலினின் அச்சம் பொய்யன்று என்பதற்கு இதுவே சான்று. ஆனால் பொறியை ஒளித்ததால் அவர்கள் துன்பம் குறையவும் இல்லை.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். கண்டதை முழுதும் வெளிப்படுத்துபவருக்குச் சில ஆண்டு உரிமை. அதன்பின் அது உலகின் பொது உடைமை. ஊக்கின் உரிமையை மலிவாக விற்றபோது ஹண்ட் பணத்தை இழந்தார். ஆனால் ஊக்கு உலகிற்கு வந்தது. தையற்பொறியை அவர் உரிமை கொள்ளவும் இல்லை, உலகிற்கு அறிவிக்கவும் இல்லை. வெளியிடாத ஒன்றைக் கொடை என்று எவரும் கூறார். ஆணையரின் தீர்ப்பு கடுமையாகத் தோன்றினும் அதனுள் இவ்வுண்மை இருக்கிறது.

தம் பாடல்களைக் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொண்டு, அதனை அடக்கம் என்று எண்ணும் கவிஞர்கள் எவ்வட்டத்திலும் உளர். பெயரை வேண்டாதிருத்தல் வேறு; படைப்பை வெளிக்கொணராதிருத்தல் வேறு. செம்புலப் பெயனீரார் தம் பெயரை இழந்தார், பாட்டை இழக்கவில்லை. அதனை யாரோ கேட்டனர், எழுதினர், தொகுத்தனர். ஹண்டின் ஊக்கும் அவ்வாறே பெயரின்றி வீடுதோறும் வாழ்கின்றது. அவர் தையற்பொறியோ வழக்குமன்றம் தேடிவரும் வரை பரணிலிருந்தது. பத்தாண்டுகளாகக் கூடிப் படித்தும் கேட்டும் வந்த இவ்வட்டம் தன் உறுப்பினர்க்குச் செய்துள்ள பெரும்பணி, பரணிலிருந்தவற்றைக் கூடத்திற்குக் கொணர்ந்ததே ஆகும். அப்பணி இனியும் தொடர்வதாகுக.