நான்காவது சூளை

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இப்போது படிக்கிற பசங்களுக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கணும் என்று சொன்னார்கள். சிவில் முடித்ததிலிருந்து செங்கல்லோடும் சிமெண்டோடும் காலம் தள்ளுகிறவன் நான். ஆகவே செங்கல் சூளை போட்ட ஒரு பள்ளி முதல்வரைப் பற்றியே எழுதுகிறேன். அவர் பெயர் புக்கர் டி. வாஷிங்டன்.

1856-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்ததும் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. அங்கே உப்புக் காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் சின்னப் பையனாகவே வேலை. 1872-ல் கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்ப்டன் பள்ளியைத் தேடிக் கிட்டத்தட்ட 500 மைல் பயணம் புறப்பட்டார். வழியில் ரிச்மண்ட் நகரில் கைக்காசு தீர்ந்து, மரத்தாலான நடைபாதையின் அடியில் படுத்துத் தூங்கினார். ஹாம்ப்டனில் அவருக்கு நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார்கள். மூன்று தடவை பெருக்கி, நான்கு தடவை தூசி துடைத்தார். இடம் கிடைத்தது!

1881-ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி ஊரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்க ஏற்பாடானது. முதல்வராக ஒரு வெள்ளையரை அனுப்பும்படி ஹாம்ப்டன் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கிடம் கேட்டார்கள். அவர் சிபாரிசு செய்தது 25 வயது வாஷிங்டனை. ஊருக்கு வந்து பார்த்தால் நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. அரசாங்கம் வருஷத்துக்கு ஒதுக்கிய 2,000 டாலரும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான். இருந்தும் ஜூலை 4-ம் தேதி, ஒரு தேவாலயத்திலும் பக்கத்திலிருந்த ஓட்டைக் குடிசையிலுமாக 30 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பமானது. மழை பெய்தால் ஒரு மாணவன் எழுந்து வந்து முதல்வருக்குக் குடை பிடிப்பான். பாடம் நிற்காது.

சில மாதங்களில், வீடு எரிந்துபோன ஒரு பழைய தோட்டம் 500 டாலருக்கு விலைக்கு வந்தது. முன்பணமாக 250 டாலரைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கடனாகக் கொடுத்தவர் ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் மார்ஷல். அங்கே குதிரை லாயமும் கோழிக் கொட்டகையும் வகுப்பறை ஆயின. புதர் வெட்டச் சொன்னதும் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். படிக்க வந்த இடத்தில் கூலி வேலையா என்று அவர்களுக்குக் கோபம். முதல்வர் ஒன்றும் பேசவில்லை. கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். பின்னாலேயே அவர்களும் போனார்கள்.

அடுத்தது கட்டடம். அதற்குச் செங்கல் வேணும், ஊரிலோ சூளை கிடையாது. சரி, நாமே போடுவோம் என்று இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் தோண்டுவது எந்த மாணவனுக்கும் பிடிக்கவில்லை. சுமார் 25,000 கல் அறுத்து வைத்த முதல் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் போச்சு. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து, முடிகிற நேரத்தில் நடு ராத்திரியில் சரிந்து விழுந்தது. கையில் காசு இல்லை. விட்டுவிடலாம் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். வாஷிங்டன் மான்ட்கோமரி நகரத்துக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்துவிட்டு வந்தார். நான்காவது சூளை வெந்தது! கெடு தாண்டிப் போனதால் கடிகாரம் திரும்பவில்லை. ஆனால் 1900-ஐ ஒட்டிய ஒரே பருவத்தில் அந்த மாணவர்கள் 12 லட்சம் செங்கல் அறுத்தார்கள். பள்ளியை ஏற்காத வெள்ளையர்களும் நல்ல கல்லுக்காக அங்கேதான் வர வேண்டியிருந்தது.

இனி சங்கடமான பகுதி. கறுப்பின மக்களை அடித்துக் கொன்ற காலம் அது. 1901-ல் அலபாமா தன் புதிய அரசியல் சட்டத்தால் அவர்களின் ஓட்டுரிமையையே பறித்தது. வாஷிங்டன் மேடையில் இதையெல்லாம் நேருக்கு நேர் எதிர்க்கவில்லை. முதலில் தொழில், நிலம், கல்வி, உரிமை பிறகு வரும் என்பது அவர் போக்கு. 1903-ல் டு பாய்ஸ் என்ற அறிஞர் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஓட்டு இல்லாதவன் சம்பாதித்த நிலத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்பது அவர் வாதம். அது நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வாஷிங்டன் இறந்து பல வருஷம் கழித்து அவருடைய கடிதங்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. அலபாமாவின் ஓட்டுரிமை வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவரே அவர்தான்! வெளியே பேசினால் பள்ளி இருக்காது, பேசாவிட்டால் மனசாட்சி தூங்காது. கஷ்ட காலத்தில் தலைமைப் பொறுப்பு எவ்வளவு பாரமானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1915 நவம்பரில் நியூயார்க்கில் படுத்த படுக்கையானார். பிறந்த தெற்கிலேயே சாக வேண்டும் என்று ரயிலேறி, டஸ்கீகி வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் 14-ம் தேதி காலமானார். வயது 59. அப்போது அங்கே 100-க்கு மேல் கட்டடங்கள், சுமார் 1,500 மாணவர்கள். இன்று அது டஸ்கீகி பல்கலைக்கழகம்.

தம்பி தங்கைகளே, உங்கள் ப்ராஜெக்ட் மூன்று தடவை ஊத்திக்கொண்டால் இந்தச் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கல்லூரியின் கஷ்ட காலத்தில் கடிகாரத்தை அடகு வைக்கிற முதல்வர் மட்டும் போதாது. சேற்றில் இறங்குகிற மாணவனும் வேணும், சொந்தப் பையிலிருந்து 250 டாலர் எடுத்து நீட்டுகிற ஒரு மார்ஷலும் வேணும். அந்த மார்ஷல் நாமாக இருப்போம்.

வாழ்க நம் கல்லூரி!