சென்ற வழியே செல்லாத பயணி இப்னு பதூதா

உலகில் பயணம் செய்தோர் பலர். வணிகம் கருதிச் சென்றோர் உண்டு. படை நடத்திச் சென்றோர் உண்டு. இறையில்லம் நாடிச் சென்றோரும் உண்டு. காணாத ஊரைக் காணும் வேட்கையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைச் செலவிட்டோர் மிகச் சிலரே. அவர்களுள் தலையாயவர் இப்னு பதூதா. இயன்றவரை ஒரு வழியில் இருமுறை செல்வதில்லை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. அவ்விதி அவருக்கு ஈந்தது யாது, அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது யாது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் புறப்பாடும்

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304 பிப்ரவரி 25-ஆம் நாள் (ஹிஜ்ரி 703, ரஜப் 17) அவர் பிறந்தார். காழிகளைத் தந்த பெர்பர் குடும்பம் அது. அவரும் மாலிகி மத்ஹபின் சட்டக் கல்வியைப் பயின்றார். 1325 ஜூனில், இருபத்தோராம் அகவையில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தனியே புறப்பட்டார். அன்று பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். அப்பிரிவு அவருக்கும் அவர்களுக்கும் பெருந்துயர் தந்தது.

1326-இல் மக்காவை அடைந்து ஹஜ்ஜை நிறைவேற்றியவர் ஊர் திரும்பவில்லை. ஈராக் செல்லும் கூட்டத்துடன் கிழக்கு நோக்கி நடந்தார். பின்னர் ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கில்வா, துருக்கியர் வாழ்ந்த அனத்தோலியா, வோல்கா ஆற்றங்கரை எனப் பல நிலங்களைக் கண்டு, 1333-இல் சிந்து நதியை எட்டினார். பொருள் மிகுதியாக இல்லாத இளைஞருக்கு இஃது எவ்வாறு இயன்றது? அரபு மொழியும் சட்டக் கல்வியுமே அவருக்கு வழிச்சீட்டாயின. செல்லுமிடமெங்கும் பள்ளிவாசலும் தைக்காவும் அவருக்குக் கதவு திறந்தன.

தீவுகளும் மலையும்

தில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக அமர்த்தினார். சில ஆண்டுகளுக்குப்பின் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கரையில் புயல் அத்தூதின் கப்பலைச் சிதைத்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தமையால் அவர் உயிர் பிழைத்தார். வெறுங்கையுடன் தில்லி திரும்ப அஞ்சியவரின் பார்வை, பெருவழியினின்றும் விலகிக் கிடந்த மாலத் தீவுகளின்மீது சென்றது. தென்னையே உணவும் தொழிலுமாய், சோழியே நாணயமாய் விளங்கிய அத்தீவுகளில் ஓர் அரசி ஆட்சி செய்வதைக் கண்டு வியந்தார், அங்கும் காழியானார்.

அடுத்து இலங்கை. ஆரியச் சக்கரவர்த்தி முத்துகளை வழங்க முன்வந்தபோது, நம் முன்னோர் பாவா ஆதம் மலை என வழங்கிய சிகரத்தைக் காண வழித்துணை வேண்டும் என்றே அவர் விழைந்தார். அரசரோ பல்லக்கும் தந்து, யோகியரையும் அந்தணரையும் துணைக்கு அனுப்பினார். சமயம் வேறாயினும் மலை ஒன்றே என்னும் அழகை இந்நிகழ்ச்சியில் காண்கிறோம்.

மதுரையில்

அங்கிருந்து புறப்பட்ட அவரது கப்பல் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரையருகே சிதைந்தது. கரைவாழ் மக்கள் அவரைக் காத்தனர். அந்நாளில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன், மனைவி வழியில் அவருக்கு உறவினர். ஆயினும், போரில் பெண்டிரையும் சிறாரையும் கொன்ற அவ்வரசரின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. வெறுக்கத்தக்க செயலென்றே எழுதிவைத்தார். தன் இனத்தார் என்பதற்காகத் தவற்றை மூடாத இந்நேர்மையே அவரது நூலை நாம் மதிக்கத் தலையாய காரணமாகும். மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அவரும் காய்ச்சலில் வீழ்ந்தார். நம் ஊர்ப் புளியைக் கரைத்துக் குடித்தே நலம் பெற்றார்.

இழப்பு

பின்னர் வங்கம், சுமத்திரா, சீனம் ஆகியவற்றைக் கண்டு மேற்கே திரும்பினார். 1348-இல் திமிஷ்கு நகரில் ஒரு செய்தி அவருக்குக் காத்திருந்தது: தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. கொள்ளைநோய் நாடெங்கும் உயிர் பறித்த காலம் அது. 1349-இல் தாயகம் நெருங்கும் வேளையில், அன்னையும் அந்நோய்க்கு இரையானார் என்று அறிந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய மகனுக்குத் தாஞ்சியரில் எஞ்சியிருந்தது அன்னையின் கப்ரு மட்டுமே.

அதன் பின்னும் அவர் கால்கள் ஓயவில்லை. 1352-இல் சஹாராவைக் கடந்து மாலி நாடு சென்றார். இடைவழியில் தகாசா என்னும் சிற்றூர். அங்கே வீட்டுச் சுவரும் பள்ளிவாசல் சுவரும் உப்புப் பாளங்கள், கூரையோ ஒட்டகத் தோல். மரமில்லை, நீரும் உவர். எவரும் விரும்பிச் செல்லாத அவ்வூரையும் அவர் கண்கள் உலகுக்குக் காட்டின.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதிய பயணநூல் 1355-இல் நிறைவுற்றது. அவர் சென்றதாகச் சொல்லும் சில இடங்களை ஆய்வாளர் ஐயுறுவர். எனினும் பெரும்பகுதி வரலாற்றுக்கு அருஞ்சான்றாகவே நிற்கிறது. மொராக்கோவில் காழியாகப் பணியாற்றி, 1368-69 அளவில் அவர் மறைந்தார்.

புதுவழி தேடும் நம் மாணவர்கள் அவரிடம் மூன்றைக் கற்கலாம்: கல்வியை வழித்துணையாகக் கொள்ளுதல், கண்டதை அஞ்சாது எழுதுதல், புறப்படும் வாசலில் நிற்கும் பெற்றோரை ஒருமுறை திரும்பிப் பார்த்தல். முதல் இரண்டை அவர் தம் வாழ்வால் கற்பித்தார். மூன்றாவதைத் தம் இழப்பால் கற்பித்தார்.